சம்பந்தியின் காரில் நிற்காத கேஸ்

ஜில்லண்ணனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. தகரக் கூரை போட்ட ஷெட்டுகள் வரிசையாக நிற்கிற தெருவில் கார்களுக்கு ஏசி பார்க்கிறவர் அவர். வெயிலில் வேகிற ஊருக்குக் குளிர்ச்சி கொடுக்கிறவர் என்பதால் ஜில்லண்ணன் ஆகிவிட்டார். கொடுக்கிறவரின் ஷெட்டில் மட்டும் ஒரே ஒரு மேசை விசிறி. அதுவும் வாடிக்கையாளர் உட்காரும் பக்கம் பார்த்தே நிற்கும்.

இளவயதில் ஃப்ரிட்ஜ் கடையில் வேலை. மாடிப்படி ஏறி ஏறி ஃப்ரிட்ஜ் சுமந்தவர். ஒருநாள் முதுகு இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வெளியே சுமக்கிறதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் உட்கார்ந்தே பிழைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கடவுள் புண்ணியத்தில் கைவேலை படிந்தது. கல்யாணம் ஆனது, ஒரே மகள் பிறந்தாள், ஷெட் வந்தது.

டாக்டர் கழுத்தில் குழாய் தொங்குகிற மாதிரி அவர் கழுத்தில் எப்போதும் இரட்டை மீட்டர் தொங்கும். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. வண்டி வந்ததும் பானட்டைத் திறப்பார். மீட்டரை மாட்டுவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். நோயாளியின் வீட்டாருக்குச் சேதி சொல்லுகிற முகத்தோடு நிமிர்ந்து, "கேஸ் குறைஞ்சிருக்கு" என்பார்.

குளிரவில்லை என்று வந்தாலும் அதுதான். கடகடவென்று சத்தம் வருகிறது என்று வந்தாலும் அதுதான். ஈரத்துணி நாற்றம் அடிக்கிறது என்று ஒரு அம்மா வந்தார், அவருக்கும் அதுதான். கண்ணாடி மேலே ஏறமாட்டேன் என்கிறது என்று வழி தவறி வந்த ஒருவரிடம்கூட "கே" வரைக்கும் வந்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இதன் பலன் வீட்டில் தெரிந்தது. ஒருநாள் சமையல் சிலிண்டர் நிஜமாகவே தீர்ந்துபோய், "கேஸ் தீர்ந்துருச்சு" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். மனைவி கூடத்திலிருந்தபடியே, "இங்கயும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அவரை மட்டும் குறை சொல்வது பாவம். தொழில் தொடங்கிய புதிதில் உண்மை பேசிப் பார்த்தவர்தான். "ஒழுகுதுங்க. எங்கன்னு தேடணும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்று சொல்வார். கேட்டவர் முகம் சுருங்கும். "தேடறதெல்லாம் வேணாம்ப்பா, கேஸ் மட்டும் அடிச்சு விடு, அவசரம்" என்பார். மறுபடி உண்மையைச் சொன்னால் எதிர் ஷெட்டுக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். ஓட்டை என்றால் தன் வண்டியில் குறை. கேஸ் குறைச்சல் என்றால் வெயிலின் குறை. இதில் எது மனசுக்கு இதம் என்று சொல்லவேண்டியதில்லை. ஊர் கேட்ட வார்த்தையைத்தான் ஜில்லண்ணன் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் அல்ல. அது ஒரு கூலியாள். காருக்குள்ளே இருக்கிற சூட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வரும். எஞ்சின் பக்கத்தில் இருக்கிற கம்ப்ரஸர் அதைப் பிடித்து நசுக்கும். நசுங்கிய கேஸ் கொதிக்கும். முன்பக்கம் காற்றுப் படுகிற, ஜாலி என்கிற வலைத்தகட்டில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும். பிறகு ஊசிக்கண் மாதிரி ஒரு சின்ன வழியில் பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு ஜாலிக்குள் ஜில்லென்று விரியும். விசிறி அதன்மேல் காற்றை அடிக்கும். உள்ளே இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு கேஸ் மறுபடி கம்ப்ரஸருக்கே போகும். மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி இதே வேலை. சம்பளம் கேட்காது, லீவு கேட்காது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இதெல்லாம் ஜில்லண்ணனுக்கு மனப்பாடம். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு தொழில் பழக்கம்.

ஆனால் ஒரே ஒரு காரில் மட்டும் ஒழுகல் எங்கே என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அது சம்பந்தியின் கார்.

சம்பந்தி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவார், பிறகுதான் வணக்கம் சொல்வார். கழிப்பறையில் ஒளிந்தவனையும் தூங்குகிற மாதிரி நடித்தவனையும் கண்டுபிடித்த கண் அது. அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே கேஸ் டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"எங்க போகுது சம்பந்தி இந்தக் கேஸ்?" என்று கேட்பார்.

"வெயில்ல காஞ்சிடுதுங்க சம்பந்தி."

"அப்படியா? அப்போ நிழல்ல நிறுத்தணும்."

"நிழல்லயும் கொஞ்சம் காயும்."

கம்ப்ரஸரிலிருந்து போகிற குழாய் முன்பக்க ஜாலியோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. மோதிரத்தைவிடச் சின்னது. அது இறுகிப்போய் வெடித்திருந்தது. கேஸோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், ஒழுகுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்து தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். ஜில்லண்ணன் பானட்டைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை, சம்பந்தி குனிவதற்குள் அந்தக் கறுப்பைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிடுவதுதான். அதற்குப் பிறகுதான் மீட்டரை மாட்டுவார்.

வளையத்தை மாற்றுவது பெரிய காரியமில்லை. மாற்றினால் கேஸ் நின்றுவிடும். கேஸ் நின்றுவிட்டால் கார் வராது. கார் வராவிட்டால் மகள் வரமாட்டாள். கோளாறு அங்கேதான் இருந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்த வீடு ஊரின் மறுகோடியில். தூரம் ஒன்றுமில்லை, பஸ் இருக்கிறது. ஆனால் சம்பந்தியம்மாவுக்கு மருமகள் அம்மா வீட்டுக்குப் போவது என்றால் முகம் அரைக்கம்பத்துக்கு இறங்கிவிடும். அதனால் ஜில்லண்ணன் ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தார். உலகத்தில் எந்த ஷெட்டிலும் இல்லாத பரிசோதனை.

"முன்சீட்ல குளிரறது பெரிய விஷயமில்லைங்க. பின்சீட்டுக்கு எட்டுதான்னு பாக்கணும். அதுக்கு வெயில் தாங்காத ஆள் ஒருத்தர் பின்னாடி உக்காந்து சொல்லணும். உங்க வீட்ல வெயில் தாங்காதவங்க யாருங்க?"

சம்பந்தி மோவாயைத் தடவி யோசித்து, "மருமகதான்" என்றார்.

"அப்போ அவளையே கூட்டிட்டு வாங்க. வேற ஆள் வந்தா கணக்கு மாறிடும்."

இப்படியாகக் கேஸ் குறையும்போதெல்லாம் மகள் பின்சீட்டில் ஏறி அப்பாவைப் பார்க்க வந்தாள். கேஸ் ஏறுகிற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தாள். அம்மா செய்து கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் தின்றாள். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து, "எட்டுதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜில்லண்ணன் சம்பந்தியிடம் கூலி வாங்குவதில்லை. வாங்க வேண்டிய கூலியை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

வெயில் தலையைப் பிளந்த ஒரு நாள் அப்படித்தான் வந்தார்கள். சம்பந்தி நல்ல சிரிப்போடு இறங்கினார்.

"சம்பந்தி, எங்க வீட்டம்மா ஒரு ஜோக் சொன்னா பாருங்க. சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு."

"சொல்லுங்க, நாங்களும் சிரிக்கிறோம்."

"உங்க பொண்ணு அந்த மருந்துக்கடை வேலைய விட்டுச்சா, அதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் கடை வேலைய விட்டுச்சா... அவ சொல்றா, 'அவங்கப்பா போடற கேஸ் மாதிரியே பொண்ணையும் பெத்து வெச்சிருக்காரு. எதுவும் ஒரு இடத்துல நிக்காது'ன்னு! பக்கத்து வீட்டுக்காரங்களும் கேட்டுச் சிரிச்சாங்க. இப்பெல்லாம் அவங்ககூட, 'கேஸ் எங்க, காணோம்'னுதான் உங்க பொண்ண விசாரிக்கிறாங்க!"

அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நல்ல பயணி ஒருவரிடம் கதை சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். ஜில்லண்ணன் மகளைப் பார்த்தார். அவள் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெளியூர் போய்விட்டார். ஜெராக்ஸ் கடை மெஷின் பழுதாகி, கடை இட்லி மாவுக் கடையாக மாறிவிட்டது. இவள் எங்கே விட்டாள்? வேலைதான் இவளை விட்டது. அதைச் சொல்ல வாயெடுத்த அப்பாவை, வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தாள்.

அன்றைக்கு அவர் அந்தக் கறுப்பை இரண்டு தடவை துடைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். ரப்பர் வளையத்தைப் பற்றியும் சேர்த்தே சொன்னார். மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேணும்னே ஒழுக விட்டிருக்கீங்களா?"

"ஒழுகலேன்னா அவ எப்படி வருவா?"

"ஆமா, பெரிய ராஜதந்திரம்! உங்க ஒழுகலுக்கு அங்க எம்பொண்ணு பேர் வாங்கிட்டு நிக்கிறா. நாளைக்கே மாத்திடுங்க."

"மாத்தினா அப்புறம் அவ வரவே மாட்டாளேடி."

மனைவியும் மகளைப் பார்க்காமல் இருக்க முடியாதவள்தான். முறத்தை எடுத்து, புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தாள். ஜில்லண்ணன் விளக்கின் முன்னால் போய் நின்றார். மகளின் மானமும் நிற்கவேண்டும், மகள் வருவதும் நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். கடவுள் கேட்டிருப்பார். ஆனால் ஒரே மனுவில் இரண்டு பக்கமும் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? அடுத்த தடவை வரும்போது கட்டாயம் மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, மனசைத் தேற்றிக்கொண்டார். அடுத்த தடவை என்பது எப்போதும் வசதியான நாள்.

அடுத்த தடவை வரவில்லை. மகளின் போன்தான் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா, அத்தை இனிமே உங்க ஷெட்டுக்குப் போக வேணாம்னுட்டாங்க. மாமாவே போய்க் கடையிலேர்ந்து கேஸ் டப்பா வாங்கிட்டு வந்திருக்காரு. ஓட்டையையும் அடைச்சுடுமாம், டப்பாவுலயே போட்டிருக்காம். இப்போ பானட்டத் திறந்து வெச்சுட்டு அவரே போடறேன்னு நிக்கிறாரு."

"டப்பா எங்க இருக்கு இப்போ?"

"எஞ்சின் மேல வெச்சிருக்காரு. சூடு பண்ணினா சீக்கிரம் ஏறும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம்."

ஜில்லண்ணனுக்கு வியர்வை நின்றுவிட்டது. "நீ தள்ளி நில்லும்மா. அவரையும் கையெடுக்கச் சொல்லு. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மீட்டரோடேயே ஸ்கூட்டரில் பறந்தார். வழியில் போக்குவரத்துக் காவலர், அவசர வைத்தியர் என்று நினைத்துக் கையைக் காட்டி வழிவிட்டார்.

அங்கே சம்பந்தி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையில் குறடோடு குனிந்திருந்தார். டப்பாவின் குழாயை உயர் அழுத்தக் குழாயின் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது பொருந்தவில்லை. பொருந்தக்கூடாது என்றே அதைச் செய்தவர்கள் வேறு அளவில் செய்திருக்கிறார்கள். ஆனால் பொருந்தாததைப் பொருந்தவைக்கத்தான் குறடு இருக்கிறது என்பது சம்பந்தியின் கட்சி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி! கைய எடுங்க!"

வாழ்நாளில் அவர் சம்பந்தியிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. சம்பந்தி, டிக்கெட் இல்லாமல் தானே பிடிபட்ட மாதிரி நிமிர்ந்தார். ஜில்லண்ணன் முதலில் எஞ்சினை அணைத்தார். துணியைச் சுற்றி டப்பாவை எடுத்துப் போய் நிழலில் வைத்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"இது அழுத்தம் ஜாஸ்தியா இருக்கற பக்கம்ங்க. இதுல மாட்டினா கேஸ் டப்பாவுலேர்ந்து வண்டிக்குப் போகாது, வண்டியிலேர்ந்து டப்பாவுக்கு வரும். டப்பா தாங்காது, வெடிச்சிடும். சூடு வேற பண்ணியிருக்கீங்க. அப்புறம் உங்க மூஞ்சிய நாங்க எங்க போய்த் தேடறது?"

"பொருந்தலைன்னு நானும் பாத்தேன்..."

"பொருந்தலைன்னா போடாதேன்னு அர்த்தம்ங்க. போடறதுன்னா இந்தத் தடிச்ச குழாய், அழுத்தம் கம்மியான பக்கம் மட்டும்தான். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. இங்க பாருங்க" என்று தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் வெள்ளையாக ஒரு தழும்பு. "உறை போடாம ஒருநாள் வேலை செஞ்சேன். திரவமாப் பட்டுச்சு. நெருப்பு சுட்ட மாதிரியே தோல் செத்துப் போச்சு. இது விரல், போகட்டும். கண்ணுன்னா?"

சம்பந்தியம்மா வாசற்படியில் நின்றிருந்தார். இடுப்பில் கை. பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி உள்ளே போய்விட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. "உங்க கேஸ் நின்னிருந்தா இவர் ஏன் டப்பாவோட மல்லுக்கட்டப் போறாரு? அங்க போடறது எதுவும் நிக்கல, அங்கேர்ந்து வர்றது எதுவும் நிக்கல."

மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். தலை குனிந்திருந்தாள். வெயிலில் காய்ந்து போகிறது என்ற பழைய பதில் ஜில்லண்ணனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். மகள் அந்தப் பேரோடு அங்கேயே நின்றிருப்பாள்.

"கேஸ் காயலீங்கம்மா" என்றார். "கேஸ் எங்கயும் காயாது. வண்டியில ஒரு ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு. அது வழியாத்தான் போகுது. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சேதான் விட்டேன். வண்டி வந்தா எம்பொண்ணும் வருவா. அதுக்காக. அவ எந்த வேலையையும் விடல, எதுக்கும் அவ காரணமில்ல. ஒழுகினது நான்தான். பேசறதுன்னா என்னப் பேசுங்க."

சம்பந்தி வாயைத் திறந்தபடி நின்றார். "அப்போ அந்தப் பின்சீட்டு டெஸ்ட்டு?"

"அப்படி ஒண்ணு கெடையாதுங்க."

எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்த மனிதர், தானே மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்ததை நினைத்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மாவின் கை மட்டும் இடுப்பிலிருந்து மெள்ள இறங்கியது.

"ஏங்க, பொண்ணப் பாக்கணும்னா அனுப்புங்கன்னு வாயத் திறந்து கேக்க மாட்டீங்களா? அதுக்காக ஒரு வண்டியவா கெடுப்பாங்க?"

"கேட்டிருந்தா அனுப்பியிருப்பீங்களாம்மா?"

சம்பந்தியம்மா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத அம்மா. "மாட்டேன்தான்" என்றார். சொன்ன பிறகு அது தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ, "உள்ள வந்து தண்ணி குடிங்க, வெயில்ல நிக்காம" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் கார் ஷெட்டுக்கு வந்தது. சம்பந்தி, மகள் இரண்டு பேருமே வந்தார்கள். பின்சீட்டுப் பரிசோதனை பொய் என்று தெரிந்த பிறகும், சம்பந்திக்கு அவள் இல்லாமல் வண்டியை எடுக்கப் பழக்கமில்லை.

ஒழுங்காக வேலை செய்யவேண்டும் என்றால், மிச்சம் இருக்கிற கேஸைக் காற்றில் திறந்துவிடக்கூடாது. மெஷின் வைத்து உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கவேண்டும். அந்த மெஷின் எதிர் ஷெட்டில்தான் இருந்தது. எதிர் ஷெட்காரருக்கு டிகிரி என்று பெயர். கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லை. துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எல்லாவற்றின் மேலும் நீட்டி எத்தனை டிகிரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். டீயைக்கூட நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். தெருவைத் தாண்டி அவரிடம் போய் நிற்பது ஜில்லண்ணனுக்கு மலையேறுவதாக இருந்தது.

"என்னண்ணே, வழி மாறி வந்துட்டீங்களா? கேஸ் குறைஞ்சிருக்கா?"

"மெஷின் வேணும்ப்பா. உறிஞ்சற மெஷினு."

டிகிரி வெப்பமானியை எடுத்து ஜில்லண்ணனின் நெற்றியில் நீட்டிப் பார்த்தார். "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே! நெஜமாவா கேக்கறீங்க?"

"சம்பந்தி வண்டி."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு டிகிரி கேலியைச் சுருட்டிக்கொண்டார். அவருக்கும் இரண்டு பெண்கள். "தர்றேன். ஆனா உள்ள ஓட்டை அடைக்கற பசை கிசை எதுவும் போடலியே? போட்டிருந்தா என் மெஷின் அடைச்சுக்கும். அப்புறம் உங்களைத்தான் அதுக்குள்ள விட்டு சுத்தம் பண்ணணும்."

"போடறதுக்குள்ள போய் நிறுத்திட்டேன்."

ஷெட்டின் இரண்டு கதவையும் திறந்துவைத்தார்கள். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். மூடிய இடத்தில் ஒழுகினால் தரையில் தேங்கி மூச்சை அடைக்கும். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவரிடம் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஜில்லண்ணன் கண்ணாடியும் உறையும் மாட்டிக்கொண்டார். மெஷின் உறிஞ்சி முடித்ததும் குழாய் மூட்டைக் கழற்றினார். வெடித்த வளையம் வெளியே வந்தது. காய்ந்த திராட்சை மாதிரி இருந்தது. புது வளையத்தைத் தேடி அவர் கை மேசைமேல் தடவியது. அதற்குள் மகள் அதை எடுத்து நீட்டினாள்.

"இதானேப்பா? நீங்க துணியால துடைக்கிற இடத்துக்கு."

ஜில்லண்ணனின் கை அப்படியே நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"மொதல் தடவையே பாத்துட்டேன்."

"சொல்லவே இல்லியே?"

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு, பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வளையத்தில் எண்ணெய் தடவிப் பொருத்தினார். ஈரம் உறிஞ்சுகிற டப்பாவையும் புதிதாக மாற்றினார். பிறகு மூலையில் துணி போர்த்திக் கிடந்த வேக்குவம் பம்ப்பை இழுத்து வந்தார். உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுக்கிற பம்ப் அது. அவசரக்கார ஊரில் அதற்கு வேலையே இல்லாமல் இருந்தது. போர்வையை எடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு பல்லி, காலி பண்ணச் சொல்லப்பட்ட வாடகைக்காரர் மாதிரி முறைத்துவிட்டுப் போனது. பம்ப் நிதானமாக ஓடியது. அதை நிறுத்தி வால்வை மூடிவிட்டு எல்லோரும் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். முள் ஏறினால் இன்னும் ஒழுகல் இருக்கிறது என்று அர்த்தம். சம்பந்தி முள்ளைச் சந்தேகத்தோடு பார்த்தார். அது அசையவில்லை. பிறகும் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. "டிக்கெட் வெச்சிருக்கான்" என்றார்.

கேஸ் எவ்வளவு ஏற்றவேண்டும் என்று பானட்டுக்குக் கீழே ஒட்டுக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. கைவைத்துப் பார்த்தே நிரப்பிப் பழகிய ஜில்லண்ணன், அன்றைக்குத்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை முழுக்கப் படித்தார். சிலிண்டரைத் தராசில் வைத்து, எழுதியிருந்த எடைக்கு ஏற்றி நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க சம்பந்தி, நம்ம வண்டிதானே?" என்றார் சம்பந்தி.

"கூடப் போட்டா கூடக் குளிராதுங்க. குளிர் குறையும், கம்ப்ரஸரும் திணறும். அளவுன்னா அளவுதான்."

டிகிரி காருக்குள்ளே குளிர்காற்று வருகிற வாயில் வெப்பமானியை நீட்டிப் பார்த்துவிட்டு ஜில்லண்ணனின் தோளைத் தட்டினார். மகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்து, "வரேம்ப்பா" என்றாள். கார் போய்விட்டது. வெடித்த வளையத்தை ஜில்லண்ணன் குப்பையில் போடவில்லை. ஆணியில் மாட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு சம்பந்தி கார் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை. வாய் திறந்து கேட்கலாம் என்று மனைவி தினமும் சொன்னாள். கேட்கலாம் என்றுதான் அவரும் தினமும் போனைக் கையில் எடுத்தார். எடுத்து நேரம் பார்த்துவிட்டு வைத்தார். மற்ற வண்டிகளிடம் உண்மை பேச ஆரம்பித்தார். சிலர் எதிர் ஷெட்டுக்குப் போனார்கள். அங்கே டிகிரியும் அதையே சொன்னார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார்கள்.

வெயில் கொஞ்சம் தணிந்த ஒரு காலையில் அந்தக் கார் தெருமுனையில் திரும்பியது. ஜில்லண்ணன் ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்றார். ஒழுகிவிட்டதா? மகளுக்கு மறுபடி அந்தப் பேரா? சம்பந்தி இறங்கினார். பின்கதவு திறந்து மகள் இறங்கினாள். அந்தப் பக்கக் கதவு திறந்து சம்பந்தியம்மாவும் இறங்கினார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"என்னங்கம்மா, குளிரலையா?"

"குளிரலையாவா? ரொம்பக் குளிருது. பின்சீட்ல உக்காந்தா பல்லு கிட்டிக்குது. கொஞ்சம் கேஸை எடுத்துடுங்க."

டிகிரி எதிரே நின்று வாயைப் பொத்திக்கொண்டார். குளிர் அதிகம் என்றால் டேஷ்போர்டில் இருக்கிற குமிழைத் திருப்பினால் போதும். அது சம்பந்திக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்கும் தெரியும் என்பது, அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஷெட்டின் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

ஜில்லண்ணன் பானட்டைத் திறந்தார். மூட்டைப் பார்த்தார். பிசுக்கு இல்லை, கறுப்பு இல்லை. முறைப்படி உறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மீட்டரை மாட்டினார். ஒரு கண்ணை மூடி முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத ஒரு வாக்கியம் வந்தது.

"கேஸ் சரியா இருக்குங்க."

"சரியா இருக்கா?"

"போட்டது போட்டபடி நிக்குதும்மா."

சம்பந்தியம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "நிக்கும், நிக்கும்" என்றார், வேறு எதையோ பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா ஏதோ பலகாரம் கொடுத்தனுப்புவாங்களாமே? எம்மருமக தூக்கத்துலகூட சொல்றா. இன்னிக்கு என்ன?"

ஜில்லண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். இந்தத் தடவை நேரம் பார்க்கவில்லை.

"வந்திருக்காங்க" என்றார்.

"கேஸ் குறைஞ்சிடுச்சா?" என்று மறுமுனையில் மனைவி பதறினாள்.

"இல்லடி. ஜாஸ்தியாம். நீயும் ஏதாச்சும் எடுத்துக்கிட்டு வா."